மீன்தொட்டி மரத் தாங்கி

மீன்தொட்டி மரத் தாங்கி என்பது வீடுகளில் வைக்கப்படும் பெரிய கண்ணாடி மீன்தொட்டியைத் தாங்குவதற்காக மரத்தாலோ ஒட்டுப்பலகையாலோ (பிளைவுட்) செய்யப்படும் அலமாரி போன்ற அமைப்பு ஆகும். வடிகட்டி, காற்றுப் பம்பு, மீனுணவு ஆகியன இதனுள் வைக்கப்படுகின்றன. சென்னையில் கோண இரும்பைப் பற்றவைத்துச் செய்யும் தாங்கிகளும் உள்ளன. எனினும் அடையாறு, மயிலாப்பூர் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக் காற்றில், வண்ணப்பூச்சு உரிந்த இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

சுமை

ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 1 கிலோகிராம். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 243 லிட்டர். 10 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி எனில் அதன் எடை சுமார் 50 கிலோகிராம். மணலையும் தாங்கியையும் சேர்த்தால் மொத்தச் சுமை 300 கிலோகிராமைத் தாண்டும். இது 0.54 சதுர மீட்டர் பரப்பில் இறங்குகின்றது. அதாவது சதுர மீட்டருக்கு 550 கிலோகிராமுக்கு மேல்.

இந்தியச் சீர்தரமான ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (சுமார் 200 கிலோகிராம்) பயன்பாட்டுச் சுமையைக் குறிப்பிடுகின்றது. இது அறை முழுவதும் பரவிய சுமையாகும். ஓரிடத்தில் அது மிகுவதால் மட்டும் தளம் இடிந்துவிடாது. ஆயினும் பெரிய தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், சுமை தாங்கும் சுவரை அல்லது விட்டத்தை ஒட்டி வைப்பதே பாதுகாப்பானது. மயிலாப்பூரின் பழைய வீடுகள் சிலவற்றின் மேல்தளம், மர உத்தரங்களின்மீது செங்கலும் சுண்ணாம்புக் காரையும் இட்டு அமைத்த 'மெட்ராஸ் டெரஸ்' வகையாகும். சுவருக்குள் இருக்கும் உத்தர முனைகள் மக்கியோ கரையான் அரித்தோ இருந்தால் வெளியில் தெரியாது. இவ்வகை வீடுகளில் தொட்டியைத் தரைத்தளத்தில் வைப்பதே நன்று.

மரம்

தேக்கு ஈரத்தையும் கரையானையும் நன்கு தாங்கும். ஒட்டுப்பலகையில், ஐ.எஸ். 710 சீர்தரத்துக்கு உட்பட்ட கடல்சார் வகை நீருக்கு ஏற்றது. துகள் பலகை நீர் பட்டால் ஊதி வலுவிழப்பதால் தவிர்க்கப்படுகின்றது. வெட்டிய விளிம்புகளே முதலில் நீரை உறிஞ்சுவதால் அவற்றுக்கும் வார்னிஷ் பூச வேண்டும்.

அமைப்பு

மேற்சட்டம் கால்களின் தலைமீது நேரடியாக அமர வேண்டும். கால்களின் பக்கவாட்டில் திருகாணியால் மட்டும் பொருத்தினால் முழுச்சுமையும் திருகாணிகளின்மீது விழும். முன்புறக் கதவுகள் சுமை தாங்கா. பின்புறம் முழுப்பலகை அடிப்பதால் தாங்கி பக்கவாட்டில் சாய்வது தடுக்கப்படுகின்றது.

தாங்கியை நிறுத்தியபின் ரசமட்டம் கொண்டு நாற்புறமும் சரிபார்க்கப்படுகின்றது. மட்டம் பிசகினால் கண்ணாடியில் அழுத்தம் சீராகப் பரவாமல் விரிசல் ஏற்படக்கூடும். சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்யத் தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் தகடு இடுவது வழக்கம்.

மின் பாதுகாப்பு

மின்கம்பிகளைச் செருகியை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டுப் பின் மேலேற்ற வேண்டும். இதனால் கம்பி வழியே வழியும் நீர் செருகியை அடையாமல் கீழே சொட்டிவிடும்.