48 என்று எழுதியிருக்கிற பொத்தான்

போன மார்கழியில் எங்கட நண்பி ஒருத்தியின் அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தாலாட்டு, ஒப்பாரி, வயலில் பாடுற பாட்டுகள் என்று அவவிடம் கனக்க இருக்கு. போனை மேசையில் வைத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பதிவுசெய்துகொண்டு வந்தோம். பிறகு ஹெட்போனைப் போட்டுக் கேட்டால், முதலில் மின்விசிறி, அடுத்தது சேவல், அதற்குப் பிறகுதான் அம்மம்மா. அதைவிட மோசம், இரைச்சலைக் குறைக்கிறேன் என்று போன் தானாக வெட்டிவிட்ட இடங்கள். அவவின் குரல் தணிந்து இறங்குகிற வரிமுடிவுகள் எல்லாம் அந்த வெட்டில் போய்விட்டன. ஒப்பாரியில் குரல் இறங்குகிற இடம் போனால் மிச்சம் என்ன இருக்கு?

நாலு பேர் காசு போட்டு ஒரு மைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸும் வாங்குவதென்று முடிவெடுத்தோம். மைக்கைக் கொம்பியூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். எதை வாங்குவது என்று இரண்டு மாதம் சண்டை. வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சும்மா வாங்க ஏலாது, அது எங்கிருந்து வந்தது என்று தோண்ட வேண்டும். இந்தக் கட்டுரை அந்தத் தோண்டலில் வந்தது.

கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் 48 வோல்ட் என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். ஏன் 50 இல்லை, ஏன் 45 இல்லை? 1966இல் ஜேர்மனியின் நியூமன் நிறுவனம் ட்ரான்சிஸ்டர் வைத்த புது மைக் ஒன்றை நோர்வே வானொலிக்குச் செய்துகொடுத்தது. மைக்குக்கான மின்சாரம் வேறு வயரில் வராமல், ஒலி போகிற அதே கேபிளில் வரவேண்டும் என்று நோர்வேக்காரர் கேட்டார்கள். அவர்களின் ஸ்ரூடியோக்களில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்தார்கள். ஒரு நாட்டின் அவசர விளக்கு இன்றைக்கு உலகம் முழுக்க மேசைகளில் ஒரு பொத்தானாக இருக்கிறது.

அடுத்தது 44,100. ஒரு செக்கனுக்கு ஒலியை எத்தனை தரம் அளக்கிறது என்ற கணக்கு இது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும், அதுவரை விளங்குது. ஆனால் இந்தச் சில்லறை 100 எங்கிருந்து வந்தது? முதன்முதல் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ ரேப்பைத்தான் பாவித்தார்கள், வேறெதிலும் அவ்வளவு தரவு கொள்ளாது. வீடியோவின் ஒரு கோட்டில் 3 அளவுகள், 245 கோடுகள், செக்கனுக்கு 60 தரம். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய வீடியோ முறையில் 294 கோடுகள், 50 தரம், அதுவும் அதே எண்தான். 1982இல் சீடி சந்தைக்கு வந்தபோது இந்த எண்ணும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி வீட்டுக்குள் வருவோம். நல்ல ஒலிப்பதிவு என்றால் பெரிய மண்டபம், பெரிய கம்பனி, மணித்தியாலக் கணக்கில் வாடகை என்றிருந்த காலம் அது. அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போல், 1940களின் பிற்பகுதியில் ஹொலிவூட்டில் தன் வீட்டுக் கராஜிலேயே பதிவுசெய்துகொண்டிருந்தார். தான் வாசித்ததன் மேலேயே தான் திரும்ப வாசித்து அடுக்கடுக்காகச் சேர்ப்பது அவருடைய வேலை. ஆனால் லெஸ் போல் கருவிகளைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள். எல்லாரும் அப்படி இல்லை.

உண்மையான உடைப்பு 1979இல் வந்தது. ஜப்பானின் ராஸ்காம், போர்ட்டாஸ்ரூடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. எங்கட மாமாமார் பாட்டுக் கேட்ட அதே சாதாரணக் கசெற்தான். அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக், திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கு இரண்டு. போர்ட்டாஸ்ரூடியோ நாலையும் ஒரே திசையில், இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியது. அதனால் குரல் ஒரு ட்ராக்கில், கிற்றார் இன்னொன்றில், பிறகு வேண்டியதை மற்ற இரண்டில்.

இதில் செய்ததிலேயே பேர்போனது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. 1982 ஜனவரி, நியூ ஜேர்சியில் தான் வாடகைக்கிருந்த வீட்டின் அறைக்குள், இரண்டு ஷுவர் 57 மைக்கோடு, இசைக்குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரி என்றுதான் அவர் பதிந்தார். அந்தக் கசெற்றை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். பிறகு குழுவோடு ஸ்ரூடியோவுக்குப் போய் அதே பாட்டுகளைத் திரும்ப முயன்றார்கள். ஒலி நல்லா வந்தது, பாட்டு வரவில்லை. கடைசியில் பொக்கெற்றில் திரிந்த கசெற்றையே அந்த வருட செப்ரெம்பரில் அல்பமாக விட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி, "பாத்தியா, மலிவான கருவி காணும்" என்று எங்கட குழுவில் ஒருவன் வாதாடினான். அது பாதி உண்மை. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு ஸ்ரூடியோவும் இருந்தது, கசெற்றும் இருந்தது. அவர் தெரிவுசெய்தார். அம்மம்மாவிடம் போன ஆக்களுக்குத் தெரிவு இருக்கவில்லை, போன் மட்டுந்தான் இருந்தது.

கொம்பியூட்டருக்குள் ஒலி வந்தது இன்னும் பிந்தி. 1991இல் புரோ டூல்ஸ் வந்தபோது அது நாலு ட்ராக், விலை கிட்டத்தட்ட 6,000 டொலர். மற்றப் பக்கத்தால், எஸ்-வீஎச்எஸ் வீடியோ கசெற்றில் எட்டு ட்ராக் பதிகிற அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாற் கருவி, 4,000 டொலருக்குள் சந்தைக்கு வந்து சின்ன ஸ்ரூடியோக்கள் முளைக்க வழிவிட்டது. வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்த பெரிய தொல்லை தாமதம். பாடுகிற ஆள் தன் குரலையே ஹெட்போனில் பிந்திக் கேட்டால் தாளம் போய்விடும். 1997இல் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் ஏசியோ என்ற வழியைத் திறந்தது. விண்டோஸின் நடு அடுக்குகளைத் தாண்டி மென்பொருள் நேராகக் கருவியோடு கதைக்க அது உதவியது. இன்றைக்கு 128 அளவுகளைச் சேர்த்து வைத்து அனுப்பினால் அந்தச் சேமிப்பால் வருகிற தாமதம் 3 மில்லிசெக்கன் அளவுதான். அது மூன்றடி தூரத்தில் நின்று ஒருவர் கதைத்தால் சத்தம் வந்துசேர எடுக்கிற நேரம்.

பிறகு 2002இல் டிஜிடிசைனின் எம்பொக்ஸ். இரண்டு மைக் வழி, யூஎஸ்பி கேபிள் ஒன்று, வேறு மின்சாரம் தேவையில்லை. அதற்குள் இருந்த முன்பெருக்கிகள் ஃபோக்கஸ்ரைற் நிறுவனத்தினுடையவை. அந்த ஃபோக்கஸ்ரைற் 1985இல் தொடங்கியதே, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினின் எயார் ஸ்ரூடியோவில் இருந்த மிகப்பெரிய மிக்சிங் மேசைக்கு மேலதிக உறுப்புகள் செய்துகொடுக்கத்தான். 2011இல் அதே நிறுவனம் ஸ்கார்லற் 2ஐ2 என்ற சிவப்புப் பெட்டியை விட்டது. இன்றைக்கு யாருடைய அறைப் படத்தைப் பார்த்தாலும் மேசையில் அந்தச் சிவப்பு இருக்கும்.

சந்தை திறந்துவிட்டது, எல்லாரும் பதியலாம் என்று இதைப் பற்றி எழுதுற ஆக்கள் சந்தோசப்படுவார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கு வேறு. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்தது. மே மாதம் வரும்போது 360 அளவில். 200 டொலர் பெட்டி ஒன்று 40,000இலிருந்து 72,000 ஆனது, பெட்டியில் ஒரு பொத்தான்கூடக் கூடாமல். வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல்.

அதனால் பழசு தேடினோம். ஒருத்தர் நாலு மைக் போடுகிற பெட்டியை மலிவாகத் தாறதென்றார். இரண்டு பேர் துள்ளிக் குதித்தார்கள். அது ஃபயர்வயர் பெட்டி. ஒரு காலத்தில் யூஎஸ்பியைவிட ஃபயர்வயர்தான் கெட்டிக்காரன், ஆனால் எங்கட லெப்டொப் ஒன்றிலும் அந்தத் துவாரம் இல்லை. வரலாறு படித்ததால் காசு மிச்சமான முதல் சந்தர்ப்பம் இதுவாக இருக்கலாம். பழசு வாங்கிறதென்றால், தனி டிரைவர் இல்லாமலே வேலைசெய்கிற யூஎஸ்பி பெட்டியாகப் பாருங்கள். கம்பனி கைவிட்டாலும் அது லினக்ஸிலும் ஓடும்.

192 கிலோஹேர்ட்ஸ் என்று பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பதை நாங்கள் கணக்கெடுக்கவில்லை. மனிதக் குரலுக்கு 44.1உம் 48உம் காணும். 24 பிட் முக்கியம், ஏனென்றால் ஒலியளவைக் குறைத்து வைத்துப் பதிந்தாலும் அடி இரைச்சல் மேலே வராது. ஒப்பாரி சொல்கிற ஆள் எப்போது குரலை உயர்த்துவார் என்று யாருக்குத் தெரியும்? கொண்டென்சர் மைக் வேண்டாம், டைனமிக் மைக்கே போதும் என்று முடிவெடுத்தது சேவலுக்காக. கொண்டென்சர் அடுத்த வளவுச் சேவலையும் பிடிக்கும். ஆக, இவ்வளவு தோண்டிய அந்த 48 பொத்தானை நாங்கள் அமத்தவே இல்லை.

யூஎஸ்பியாலேயே மின்சாரம் எடுக்கிற பெட்டிதான் வேண்டும் என்பதில் மட்டும் ஒருத்தருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை மறக்கவில்லை. அதற்கு முந்தின தலைமுறை, 90களின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லாமல் பற்றரியும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்டது. கேட்பதற்கே ஒருத்தர் பெடல் சுத்த வேண்டியிருந்த ஊரில், அந்த வருடங்களில் யார் எதைப் பதிந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பங்குனியில் பெட்டியோடு திரும்பிப் போனோம். மின்விசிறியை நிறுத்தினோம், வேர்த்து ஊற்றியது. அம்மம்மா மைக்கைப் பார்த்து, "இதுக்குள்ளயே பாடவேணும்?" என்று கேட்டுவிட்டுப் பாடத் தொடங்கினா. பெட்டியில் பச்சை வெளிச்சம் அவவின் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. வரிமுடிவுகள் முழுதாக வந்தன. மூன்றாவது பாட்டின் நடுவில் நின்றுவிட்டா. அடுத்த வரி வரவில்லை. நண்பி எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள், வரவேயில்லை. "போகட்டும் பிள்ளை" என்று அடுத்ததுக்குப் போய்விட்டா.

வீட்டுக்கு வந்து மார்கழிப் பதிவைத் தேடினோம். அந்த வரி அதில் இருக்கு, சேவலுக்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில், முடிவு வெட்டுப்பட்டபடி. கடைசி இரண்டு சொல் என்ன என்று நாலு பேரும் நாலு விதமாகக் கேட்கிறோம். இரண்டு பதிவையும் ஒரே கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறோம்.