கருநீர் ஊரும் போர்க்கருவியின் நிறமும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகருக்கு மேற்கே, தமிழர் கொடிமலை என வழங்கும் குன்றின் அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் என்னும் ஊர் உள்ளது. மலாய் மொழியில் ஆயர் என்பது நீர். ஈத்தாம் என்பது கருமை. ஆகவே ஊரின் பெயர் கருநீர் என்றாகிறது. ஆனால் அங்கு ஓடும் ஆற்றில் ஒரு கை நீரை அள்ளிப் பார்ப்பவர் அதில் கருமையைக் காணமாட்டார். கரையில் நின்று மரநிழலூடே நோக்குபவர்க்கே நீர் கறுத்துத் தோன்றும். நிறம் பொருளில் மட்டும் உள்ளதன்று. நோக்கும் தொலைவிலும் ஒளியிலும் உள்ளது. ஒரு போர்க்கருவியின் பழைய நிறத்தைத் தேடப் புகுவோர் முதலில் எதிர்ப்படுவது இந்தச் சிக்கலையே.

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. நகர மக்கள் ஆயர் ஈத்தாம் பக்கமும் மலைச்சரிவுகளுக்கும் ஓடினர். அதே நாளில், வடக்கே கெடா நாட்டில் ஜித்ராவை அடுத்த பெருஞ்சாலையில், கொட்டும் மழைக்கிடையே ஜப்பானிய டாங்கிகள் இந்தியப் படைகளின் முன்னணியை உடைத்துக்கொண்டு வந்தன. அவற்றை எதிர்க்கப் பிரிட்டிஷார் மலாயாவில் ஒரு டாங்கியையும் வைத்திருக்கவில்லை. காட்டு நாட்டில் டாங்கி செல்லாது என்பது அவர்கள் துணிபு. டாங்கி என்னும் பொருளையே அதற்குமுன் கண்டிராத சிப்பாய்கள் அப்படைகளில் பலர் இருந்தனர். எட்டு நாளில், டிசம்பர் 19இல், பினாங்கு ஜப்பானியர் கைக்குச் சென்றது.

அந்த டாங்கிகளின் சிற்றுருவை இன்று முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்து வைப்போர் உலகெங்கும் உளர். இந்த அளவு தோன்றிய வரலாறே வேடிக்கையானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஒரு ஜெர்மன் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலமும் அடங்கவேண்டும் என்று பார்த்து உடலின் பருமனை வகுத்ததாம். கணக்கிட்டபோது அது முப்பத்தைந்தில் ஒன்றாக அமைந்துவிட்டது. அளவு இவ்வாறு தற்செயலாக அமையலாம். நிறத்தை அவ்வாறு விட்டுவிட இயலாது. தவறான நிறம் பூசிய மாதிரி, தவறான ஆண்டைப் பொறித்த கல்வெட்டைப் போன்றது. பின்வருவோர் அதையே சான்றாகக் கொள்வர்.

மலாயாவுக்கு வந்தவை பெரும்பாலும் இருவகை. தொண்ணூற்றைந்தாம் வகை சிறிது; எடை ஏழரை டன்னுக்குச் சற்றுக் குறைவு; மூவர் அமர்வர்; 37 மில்லிமீட்டர் பீரங்கி உடையது. தொண்ணூற்றேழாம் வகை 15 டன் எடையும் 57 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்டது, நால்வர் ஏறுவர். இவ்வெண்கள் ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கில் வந்தவை. அவர்களின் 2595, 2597ஆம் ஆண்டுகள் நமக்கு 1935, 1937 ஆகும்.

இவற்றின் மேற்பூச்சில் பச்சை, பழுப்பு, மண் சாயல்கள் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. அவற்றின் மேல் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் பட்டை நெடுக்கும் குறுக்குமாக ஓடி, டாங்கியின் உருவைத் துண்டுதுண்டாக அறுத்தது. தொலைவில் நிற்பவன் கண் பட்டையைப் பற்றிக்கொள்ளும். டாங்கியின் வடிவம் சிதறிவிடும் என்பது கருத்து. மலாயாப் போரில் எடுத்த படங்கள் சிலவற்றில் இப்பட்டை வெளுத்துத் தெரிகிறது. 1942ஐ ஒட்டி இம்மஞ்சள் கைவிடப்பட்டது. ஆகவே ஜித்ராவில் வந்த டாங்கிக்குப் பிற்காலப் பூச்சைப் பூசுவது காலவழு.

இனி, நிறங்களின் பெயர்களைக் காண்போம். தமிழாசிரியர்க்குச் சுவை தருவது இப்பகுதியே. ஜப்பானியர் தம் படைச் சாயங்களுக்கு இட்ட பெயர்களுள் 'கரெகுசா-இரோ' என்பது உலர்ந்த புல்லின் நிறம். 'குசா-இரோ' என்பது புல்லின் நிறம். 'தோச்சி-இரோ' என்பது நிலத்தின் நிறம். பெயர்கள் அழகியவை. ஆனால் எந்நிலத்து மண்? ஜப்பானில் ஒருவன் நிலத்தின் நிறம் என்றால் அவன் மனத்தில் எழுவது ஒன்று. கெடாவின் சிவந்த செம்புறை மண்ணில் நின்று கேட்பவன் மனத்தில் எழுவது வேறு. நம் மொழியிலும் இதுவே நிலை. பச்சை என்று ஒரு சொல்லால் முற்றாத காயையும், வேகாத இறைச்சியையும், தளிரின் நிறத்தையும் குறிக்கிறோம். செம்மை என்னும் சொல்லில் குருதியும் அடங்கும், செம்மண்ணும் அடங்கும்.

காக்கி என்னும் சொல்லின் பயணத்தை நோக்குக. பாரசீகத்தில் காக் என்றால் மண், தூசி. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் அமைத்த வழிகாட்டிப் படை தூசி நிற உடையை அணிந்தது. உருதுவின் வழியே சொல் ஆங்கிலத்துள் புகுந்து உலகப் படைகளெங்கும் பரவிற்று. அதே சொல் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்குப் பூசிய சாயத்துக்குப் பெயரானபோது, 'காக்கிப் பச்சை, மூன்றாம் எண்' என்றாகிப் பச்சைப் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ காக்கி என்றதும் போலீஸ்காரர் சட்டையே கண்முன் நிற்கிறது. சொல்லை நம்பிச் சாயம் கலப்பவர் மூன்று வேறு பொருள்களைக் கலப்பவர் ஆவார். இக்குழப்பத்துக்கு அஞ்சியே ஜெர்மானியர் 1927இல் நாற்பது நிறங்களுக்கு எண்ணிட்டு ரால் என்னும் அட்டை வகுத்தனர். எண்ணுக்குச் சாயல் இல்லை; அதனால் அது திரிவதில்லை.

படங்களை நம்பலாமா? அக்காலப் படங்களில் மிகப் பல கறுப்பு வெள்ளை. செம்பழுப்பும் பச்சையும் அவற்றில் ஒரே சாம்பலாக விழக்கூடும். சிவப்பை உணராத பழைய படச்சுருளிலோ செம்மை கருமையாகவே பதியும். இதனால் நேர்ந்த பிழைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மன் டாங்கிகள். போரின் முதலாண்டில் அவை முழுதும் கருஞ்சாம்பல் நிறம் என்றே பல பத்தாண்டுகள் எல்லோரும் எழுதினர். மாதிரி செய்வோரும் அவ்வாறே பூசினர். தாமஸ் ஜென்ட்ஸ் போன்றோர் ஆணைப் பத்திரங்களைத் தேடி எடுத்துப் படித்தபோது, 1940 கோடை வரை மூன்றில் ஒரு பங்கு கரும்பழுப்பு பூசவேண்டும் என்ற விதி இருந்தது தெரிந்தது. இரு நிறமும் இருண்டவை. படத்தில் ஒன்றாகத் தெரிந்தன. படம் பொய் சொல்லவில்லை; படித்தவர்தாம் அதன் மௌனத்தை விடையாகக் கொண்டனர். ஜப்பானில் அத்தகைய ஏட்டுச் சான்றும் குறைவு. 1945 ஆகஸ்டில் சரணடைந்த நாள்களில் படைத்துறைப் பத்திரங்களை எரித்தொழித்தனர்.

எஞ்சிய டாங்கிகளைப் பார்க்கலாமே என்று தோன்றும். டோக்கியோ யாசுகுனி ஆலயத்தைச் சார்ந்த அருங்காட்சியகத்தில், சைபன் தீவிலிருந்து மீட்ட தொண்ணூற்றேழாம் வகை டாங்கி ஒன்று நிற்கிறது. ஆனால் அதன்மேல் இன்று காண்பது அதைச் சீர்செய்தோரின் பூச்சு. ஊர்களில் நினைவுச் சின்னமாக நிறுத்திய டாங்கிகளுக்கும் இதே கதிதான். விழாத்தோறும் கடையில் கிடைக்கும் பச்சையைப் பூசுவர். கோபுரத்துச் சுதையின் பழைய நிறத்தைக் குடமுழுக்குத்தோறும் இழப்பதைப் போன்றதே இது. மேலடுக்குகளைச் சுரண்டி, அடியில் ஒட்டிய சாயத் துகளைக் காண்பது ஓரளவு பயன் தரும். அத்துகளும் வெயிலில் வெளுத்ததோ, எண்ணெயில் மஞ்சளித்ததோ என ஐயுறவேண்டும்.

சேற்றையும் மறக்கலாகாது. 1916 செப்டம்பர் 15இல் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் முதன்முதல் இறங்கிய பிரிட்டிஷ் டாங்கிகளுக்குச் சாலமன் சாலமன் என்னும் ஓவியர் இளஞ்சிவப்பும் பச்சையும் பழுப்பும் கலந்து பல்வண்ணம் தீட்டினார். சில நாளில் சேறு அனைத்தையும் மூடிவிட்டது. பின்னர் அத்தகைய ஓவியம் தீட்டும் வேலையை விட்டு ஒரே பழுப்பாகப் பூசலாயினர். மழைக்கால மலாயாவில் வந்த டாங்கியின் கீழ்ப்பாதியும் செம்மண் நிறமே. அதனைத் தூய பச்சையும் மஞ்சளுமாக நிறுத்துவது தொழிற்சாலை வாயிலில் நின்ற டாங்கியைக் காட்டுவதாகும்.

மேலும் ஒன்றுண்டு. முப்பத்தைந்தில் ஒரு பங்கு மாதிரியை ஓர் அடி தொலைவில் வைத்துப் பார்ப்பது, உண்மை டாங்கியை 35 அடி தொலைவில் நின்று பார்ப்பதற்கு ஒப்பு. எழுபத்திரண்டில் ஒன்றாயின் 72 அடி. இடையிலுள்ள காற்று நிறத்தைச் சற்று வெளிறச் செய்யும். ஆகவே உண்மைச் சாயத்தையே புட்டியிலிருந்து எடுத்துப் பூசினாலும் மாதிரி இருண்டு தோன்றுகிறது. கைதேர்ந்தோர் சிறிது வெள்ளை கலக்கின்றனர். எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் ஓயாத வழக்கு. அளவு சிறுக்கச் சிறுக்க வெண்மை மிகவேண்டும் என்பதை மட்டும் அனைவரும் ஏற்கின்றனர்.

1942 ஜனவரி 7ஆம் நாள், விடியுமுன், சிலிம் ரிவரை நோக்கிய பெருஞ்சாலையில், ரப்பர்த் தோட்டங்களினூடே ஷிமாடா என்னும் மேஜரின் டாங்கிகள் நிலவொளியில் வந்தன. சில மணி நேரத்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஊடுருவி இரு படைப்பிரிவுகளைச் சிதறடித்தன. மங்கிய ஒளியில் கண் சிவப்பைக் கருமையாகக் காணும், பச்சையும் நீலமும் ஓரளவு எஞ்சும் என்பதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே முன்பே எழுதிவைத்தார். பட்டையும் திட்டும் அன்று சாலையோரத்தில் பதுங்கிய சிப்பாய்க்கு எவ்வாறு தெரிந்திருக்கும் என்பதை அவ்விதி கொண்டே ஊகிக்கலாம். செம்மண் படிந்த கீழ்ப்பாதி இரவோடு கலந்திருக்கும்; மேலிருந்த மஞ்சள் பட்டைகள் மட்டும் சாம்பல் கோடுகளாக அசைந்து வந்திருக்கும்.