காத்து வாங்கப் போனவங்க கதை

இந்த எபிசோட் என்னோட சொந்தப் புலம்பல்ல ஆரம்பிக்குது. கொஞ்சம் பொறுத்துக்கோங்க, சீக்கிரம் வரலாறுக்கு வந்துடுவேன்.

போன வருஷம் போனஸ் வந்ததும் அப்பா அம்மாவை ஒரு வெல்னஸ் ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பேரும் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். மலை மேல இருக்குன்னு மட்டும் வச்சுக்கோங்க. எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல லேத் மெஷின் முன்னாடி நின்னவர். ரிட்டயர் ஆனப்ப பி.எஃப். பணத்தோட ஒரு முதுகுவலியும் சேர்ந்து வந்துச்சு. அந்த ரிசார்ட் வெப்சைட்ல என்னென்னமோ போட்டிருந்தாங்க. உங்களுக்குன்னே தயாரிக்கிற சிகிச்சைத் திட்டம், சாத்வீக உணவு, சுத்தமான மலைக்காத்து. ஒரு மாச வீட்டு ஈ.எம்.ஐ.க்கு மேல செலவு. பரவாயில்ல, அப்பாவுக்குத்தானேன்னு புக் பண்ணிட்டேன்.

போனா, ரூம்ல ஈர வாடை. வெந்நீர் காலையில ஒரு மணி நேரம் மட்டும். டாக்டர் அப்பாவைப் பார்த்தது நாலு நிமிஷம், அதுல மூணு நிமிஷம் எந்த பேக்கேஜ் எடுக்கலாம்ங்கிற பேச்சு. அம்மா பையில வச்சுக் கொண்டுவந்த பருப்புப் பொடிதான் மூணு நாளும் எங்களைக் காப்பாத்துச்சு. திரும்பி வர்றப்ப பூந்தமல்லி சிக்னல்ல வண்டி நிக்குது. அப்பா ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே, "நல்லா இருந்துச்சுப்பா"ன்னார். அவர் பொய் சொல்றார்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி ஒரு ஸ்டார் ரிவ்யூ டைப் பண்ணேன், ஆனா போஸ்ட் பண்ணல. ஒரு கேள்வி வந்து நடுவுல நின்னுடுச்சு. உடம்பு சரியில்லன்னா, காசு கட்டி நல்ல காத்து இருக்கிற ஒரு இடத்துக்கு அனுப்பினா சரியாயிடும்ங்கிற நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்துச்சு?

தேட ஆரம்பிச்சா, முதல் பதில் அந்த சிக்னல் இருந்த ஊர்லயே கிடைச்சுது. 19ஆம் நூற்றாண்டுல பூந்தமல்லி ஒரு ராணுவ கண்டோன்மெண்ட். நோய்ல விழுந்து எழுந்த ஐரோப்பிய சிப்பாய்களை உடம்பு தேறுறதுக்காக அங்க கொண்டுவந்து தங்க வச்சாங்க. மதராஸ் கோட்டையிலிருந்து சுமார் 13 மைல் தள்ளி, நெரிசல் இல்லாத ஊர். அந்த 'கண்டோன்மெண்ட்'ங்கிற சொல் இன்னும் பூந்தமல்லி பேரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு அந்த ரோட்டுல நின்னு மூச்சை இழுத்து விட்டீங்கன்னா, இங்கயா காத்து வாங்க வந்தாங்கன்னு சிரிப்பு வரும்.

ஆனா சிப்பாய் உத்தரவுல போனவன். காசு கட்டி, டாக்டர் மேற்பார்வையில தங்குற வழக்கம் ஐரோப்பாவுல காசநோயை வச்சு வளர்ந்தது. அப்ப டி.பி.க்கு மருந்து கிடையாது. 1850களில் ஹெர்மன் பிரேமர்ங்கிற ஜெர்மன் டாக்டர் கோர்பெர்ஸ்டோர்ஃப்ங்கிற மலைக் கிராமத்துல ஒரு சானடோரியம் தொடங்கினார். மலைக்காத்து, ஓய்வு, நல்ல சாப்பாடு, இதுதான் சிகிச்சை. அப்புறம் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் இதுக்குப் பேர் போன ஊர் ஆச்சு. அங்க 1900இல் திறந்த ஷாட்ஸ்ஆல்ப் சானடோரியம் இப்ப ஒரு ஹோட்டல். கட்டடம் அதேதான், காத்தும் அதேதான். பேஷன்ட் போய் கெஸ்ட் வந்தாச்சு. நான் புக் பண்ண ரிசார்ட்டோட பூர்வீகம் இந்த வம்சம்தான்னு தோணுது.

சரி, இந்த சானடோரியங்கள்ல தங்கின ஒரு தமிழரோட அனுபவம் நமக்குப் பதிவா கிடைக்குது. அவர் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர்தான். கணித மேதை ராமானுஜன்.

ராமானுஜன் 1914 மார்ச்ல மதராஸிலிருந்து 'நெவாசா'ங்கிற கப்பல்ல இங்கிலாந்துக்குக் கிளம்பினார். அதே கப்பல்ல இன்னொரு தமிழ் டாக்டரும் பயணம் செஞ்சார். பேர் சௌரி முத்து. இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில, மெண்டிப் மலையில, சொந்தமா ஒரு டி.பி. சானடோரியம் நடத்திட்டு இருந்தவர். யோசிச்சுப் பாருங்க, வெள்ளைக்காரங்க ஊர்ல அவங்களுக்கே காத்து வித்த தமிழர்! இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, அவர் திரும்ப வருவார்.

1917இல் ராமானுஜன் படுத்துட்டார். உலகப் போர் நடக்குது. ரேஷன் காலம். அவரோ கண்டிப்பான சைவம். டி.பி.யா இருக்கலாம்னு டாக்டர்கள் சந்தேகப்பட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல மெண்டிப் மலைக்கு, அதே சௌரி முத்துவோட சானடோரியத்துக்குப் போனார். அங்க ரொம்ப நாள் இருக்கல. அடுத்து டெர்பிஷயர்ல இருக்கிற மட்லாக் சானடோரியம்.

இந்தக் காலகட்டத்துல ஒரு சானடோரியத்திலிருந்து அவர் ஹார்டிக்கு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. படிச்சா மனசு கனத்துடும். வந்து ஒரு மாசம் ஆச்சு, அறையில ஒரு நாள் கூட நெருப்பு மூட்டிக் குளிர்காய விடல, நடுங்கிட்டுக் கிடக்கேன்னு எழுதியிருக்கார். கணக்கு வேலை தீவிரமா செய்யுற நாள்ல நெருப்பு போடுறோம்னு சொல்லியிருக்காங்க. அந்த நாள் வரவே இல்ல. குளியலறை மட்டும் கதகதப்பா இருக்கு, அதனால தினமும் பேனாவும் பேப்பரும் எடுத்துக்கிட்டு அங்கயே போய்க் கணக்குப் போடப் போறேன்னு சொல்றார். உலகத்தின் மிகப் பெரிய கணித மூளைகள்ல ஒண்ணு, குளிர் தாங்க முடியாம பாத்ரூம்ல உட்கார்ந்து எண்களோட பேசத் திட்டம் போடுது.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, அந்தக் குளிர் யாரோட அலட்சியமும் இல்ல. திறந்த ஜன்னல், சில்லுன்னு காத்து, இதுதான் அந்தக் காலத்து சிகிச்சை. அவர் எதைப் பத்திப் புகார் சொன்னாரோ, அதுதான் அவங்க கொடுத்த மருந்து.

சாப்பாடு இன்னொரு கதை. 1918 ஜூன்ல ராமலிங்கம்னு ஒரு தமிழ் இன்ஜினியர் மட்லாக்குக்குப் போய் ராமானுஜனைப் பார்த்தார். பார்த்துட்டு வந்து ஹார்டிக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். அங்க கிடைக்கிற சாப்பாடு ராமானுஜனுக்கு இறங்கவே இல்லைங்கிறது அவரோட பெரிய கவலை. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், 1918 மே மாசம், ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆகியிருந்தார். வெளியில அவ்வளவு பெரிய கௌரவம். உள்ளே வாய்க்குப் பிடிச்ச ஒரு கவளம் சோறு இல்ல.

1919இல் ஊர் திரும்பினார். கடைசி மாசங்கள்ல மனைவி ஜானகி அம்மாள்தான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டாங்க. நேரத்துக்குச் சாப்பாடு, மோர், வலிச்சா ஒத்தடம். அந்தப் படுக்கையிலிருந்துதான் 1920 ஜனவரியில ஹார்டிக்கு மாக் தீட்டா ஃபங்ஷன்களைப் பத்திக் கடிதம் எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டுல இறந்தார். வயசு 32.

அவருக்கு வந்தது டி.பி.யே இல்லாம இருந்திருக்கலாம். 1994இல் டி. ஏ. பி. யங்ங்கிற டாக்டர் பழைய பதிவுகளையெல்லாம் ஆராய்ஞ்சு, ஈரலைத் தாக்குற அமீபா தொற்றுதான் அதிகப் பொருத்தமா இருக்குன்னு எழுதினார். வயித்துப்போக்கு நோய் ராமானுஜனுக்கு இங்கிலாந்து போறதுக்கு முன்னாடியே வந்திருக்கு. யங் சொல்றது சரின்னா, அந்தக் குளிர் முழுக்க வீண்.

இப்ப சௌரி முத்து திரும்ப வர்றார். இங்கிலாந்துல கத்த வித்தையோட ஊருக்கு வந்து, 1928இல் சென்னைக்குத் தெற்கே ஒரு டி.பி. சானடோரியம் தொடங்கினார். எங்கேன்னு தெரியுதா? பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தினமும் அந்த ஸ்டேஷன் பேரைக் கேட்கிறீங்க: தாம்பரம் சானடோரியம். 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. இப்பவும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையா இயங்குது.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியாசிட்னு மருந்துகள் வரிசையா வந்துச்சு. ஆனா பழைய நம்பிக்கை அப்படியே இருந்துச்சு. மருந்து சரி, அதோட நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடும் வேணும், அதனால சானடோரியத்துல சேருங்கன்னாங்க. நம்ம நாட்டுல நோயாளிகள் லட்சக்கணக்குல, படுக்கைகள் ஆயிரக்கணக்குல. இடம் கிடைக்காதவன் என்ன பண்றது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட 1956இல் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. இடம் சேத்துப்பட்டு. ஆமா, ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டு, 36 வருஷம் கழிச்சு. நம்ம பூந்தமல்லி ஹை ரோட்டிலிருந்து ரொம்ப தூரமில்ல.

வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில அவங்க செஞ்சது, நம்ம ஐ.டி. பாஷையில சொன்னா, ஒரு சுத்தமான ஏ/பி டெஸ்ட். சென்னையின் ஏழை டி.பி. நோயாளிகள் 193 பேர். குலுக்கல் மாதிரி ரெண்டு பிரிவு. ஒரு பிரிவு தாம்பரம் சானடோரியத்துல படுத்து ஓய்வெடுத்து, நல்லா சாப்பிட்டு, மருந்து எடுத்துக்கும். இன்னொரு பிரிவு வீட்டிலயே இருந்து அதே மருந்தை எடுத்துக்கும். வீடுன்னா எப்படிப்பட்ட வீடு? நெரிசலான சின்ன வீடு, குறைவான சாப்பாடு. ரெண்டு பிரிவுக்கும் ஒரு வருஷம்.

முடிவு 1959இல் வெளியாச்சு. சானடோரியத்துல இருந்தவங்கள்ல 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு. வீட்டிலிருந்தவங்கள்ல 86 சதவீதம். கிட்டத்தட்ட சமம். சானடோரியத்துல இருந்தவங்களுக்கு உடம்பு எடை நல்லா ஏறினது உண்மை. ஆனா நோய் போனது மருந்தால. வீட்டுல வச்சுப் பார்த்ததால குடும்பத்துக்குக் கூடுதலா பெரிய ஆபத்தும் வரல. அதுக்கப்புறம் உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்துச்சு. நூறு வருஷமா நம்பின மலைக்காத்தை, சென்னையோட குடிசை வீடுகள் ஓரம் கட்டின கதை இது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த சதவீதம் இல்ல. வீட்டு நோயாளிகளை அவங்க பார்த்துக்கிட்ட விதம். மாத்திரையைக் கையில கொடுத்துட்டு 'போய் வா'ன்னு விட்டுடல. வாராவாரம் சேத்துப்பட்டுக்கு வரணும். ஊழியர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாங்க. சொல்லாம கொள்ளாம போய் மிச்ச மாத்திரையை எண்ணுவாங்க. மருந்து உள்ள போச்சான்னு சிறுநீரை டெஸ்ட் பண்ணுவாங்க. தொந்தரவுதான். ஆனா ஒரு வருஷம் முழுக்க ஒருத்தர் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'சாப்பிட்டீங்களா'ன்னு மருந்தைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க.

இதைப் படிச்சப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த ரிசார்ட் என்னை ஏமாத்தினது உண்மை, அதை மறக்கல. ஆனா நானும் ஒரு வேலை பண்ணியிருக்கேன். அப்பாவோட முதுகைப் பார்த்துக்கிற பொறுப்பை மூணு நாள் பேக்கேஜா வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிருக்கேன். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எங்க ஏரியா பிசியோதெரபிஸ்ட் ஒரு தாள்ல ஏழு உடற்பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தார். அது ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல தொங்கிட்டே இருந்துச்சு. அப்பா செய்யுறாரான்னு நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்ல.

இப்ப ராத்திரி ஒன்பது மணிக்குப் பாய் விரிச்சு, நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணுறேன். அவர் பத்துன்னு சொன்னா, நான் எட்டுதான் ஆச்சும்பேன். தினமும் சண்டை. முதுகுவலி முழுசா போகல. ஆனா இப்ப நல்லா இருக்கா, இல்லையான்னு அவர் உண்மையைச் சொல்றார்.

உங்க வீட்டுல தாத்தா பாட்டி யாராவது தாம்பரம் சானடோரியத்துலயோ, சேத்துப்பட்டு மையத்துலயோ சிகிச்சை எடுத்திருந்தா, உட்கார வச்சுக் கேளுங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க. டி.பி.ன்னு சொல்லவே கூச்சப்பட்டு மறைச்ச கதைகள் நம்ம வீடுகள்ல நிறைய இருக்கு. அதை வச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்கோங்க, பக்கத்துல இருக்கிறவங்க உடம்பையும்தான்.