ஜப்பானிய மொழி வகுப்பு: ஒரு போர்க்காலப் பள்ளியின் வரலாறு

ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளி, இரண்டாம் உலகப்போரின்போது பல்கலைக்கழக வளாகங்களில் இயங்கிய மொழிப் பயிற்சிப் பள்ளியாகும். 1941 அக்டோபரில் ஹார்வர்டிலும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலும் இதன் வகுப்புகள் தொடங்கின. 1942 முதல் 1946 வரை கொலராடோ பல்கலைக்கழகம் அமைந்துள்ள போல்டர் நகரில் பள்ளி நடைபெற்றது. கல்லூரியில் ஜப்பானிய மொழி எடுத்துப் படிக்க விரும்பும் மாணவர்கள் இதன் வரலாற்றை அறிவது பயனுடையது.

பள்ளி தோன்றிய காரணம்

போர் நெருங்கிய வேளையில், ஜப்பானிய மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அமெரிக்கக் கடற்படையில் மிகச் சிலரே இருந்தனர். பல்கலைக்கழகங்களிலும் அம்மொழியைக் கற்றவர்கள் குறைவு. எனவே நல்ல மதிப்பெண் பெற்ற கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு அளவில் மொழியைக் கற்பிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

ஆசிரியர்களின் நிலை

கற்பித்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் எண் ஆணையைத் தொடர்ந்து, மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பெர்க்லியில் ஆசிரியர்கள் தொடர்ந்து தங்க முடியாமற்போனதே பள்ளி போல்டருக்கு மாறியதற்குக் காரணம். எந்த அரசு தம் உறவினரை முள்வேலிக்குள் வைத்திருந்ததோ, அதே அரசின் அதிகாரிகளுக்கு இவர்கள் எழுத்து கற்பித்தனர். ஆனால் ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களைக் கடற்படை இப்பள்ளியில் மாணவராகச் சேர்க்கவில்லை. தரைப்படை நடத்திய வேறொரு பள்ளியிலேயே அவர்கள் பயின்றனர்.

வகுப்பு நடந்த முறை

ஒரு வகுப்பில் ஐந்தாறு மாணவர்களே இருந்தனர். நாள்தோறும் நான்கு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் வகுப்பு நடந்தது. வாசித்தல், பேசுதல், சொல்வதை எழுதுதல் ஆகியன தனித்தனியே கற்பிக்கப்பட்டன. மறுநாள் பாடத்தைத் தயாரிக்க மேலும் பல மணி நேரம் தேவைப்பட்டது. சனிக்கிழமைதோறும் தேர்வு உண்டு. டோக்கியோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்காக நகானுமா நவோயே என்ற ஆசிரியர் 1930-களில் எழுதிய வாசக நூல்களே பாடநூல்களாயின. போருக்குப் பின்னரும் அந்நூல்கள் பல்கலைக்கழகங்களில் பயன்பட்டன.

நாட்குறிப்புகள்

பெர்க்லியில் இப்பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் டொனால்டு கீன் (1922–2019). போர்க்களத்தில் கிடைத்த ஜப்பானியப் படைவீரர்களின் நாட்குறிப்புகளை மொழிபெயர்ப்பது அவருடைய பணிகளுள் ஒன்று. எழுதியவர்களில் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தனர். சில நாட்குறிப்புகளின் கடைசிப் பக்கத்தில், போர் முடிந்தபின் இதை என் குடும்பத்தாரிடம் சேர்த்துவிடுங்கள் என்ற வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நாட்குறிப்புகளைக் கீன் விதியை மீறி ஒளித்து வைத்தார்; ஆனால் அவை கண்டுபிடிக்கப்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்டன. பகைவரை அறிவதற்காகக் கற்ற மொழி, பகைவரும் தாய் தந்தை உடைய மனிதரே என்பதை அவருக்கு உணர்த்தியது. போருக்குப்பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் கற்பித்த அவர், 2012-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். போல்டரில் பயின்ற எட்வர்டு சைடன்ஸ்டிக்கர், 1968-இல் நோபல் பரிசு பெற்ற கவபத்தாவின் நாவல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இன்றைய மாணவர் எதிர்பார்க்க வேண்டியவை

இன்றைய கல்லூரி வகுப்பில் அந்த வேகம் இல்லை. ஆனால் மொழியின் கடினம் அப்படியே உள்ளது. முதலில் ஹிரகானா, கத்தகானா என்னும் இரு ஒலியெழுத்து வரிசைகளைக் கற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள் உள்ளன. அதன்பின் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010-இல் வெளியிட்ட பட்டியலில் 2,136 காஞ்சிகள் உள்ளன. ஒரே காஞ்சிக்குப் பல உச்சரிப்புகள் இருக்கலாம். மலையைக் குறிக்கும் எழுத்து தனித்து நிற்கையில் 'யாமா'. ஃபூஜி மலையின் பெயரான 'ஃபூஜிசான்' என்பதில் அதுவே 'சான்'. அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சி நிறுவனம் இம்மொழிக்கு 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது.

தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. 'வாத்தாஷி வா ஹோன் ஓ யோமிமாசு' என்றால் 'நான் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்று பொருள். இரு மொழிகளிலும் வினைச்சொல் இறுதியில் வருகிறது. 'ஓ' என்பது நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. மேலும், 'யோமிமாசு' என்னும் வினை நான், அவன், அவள் என எவருக்கும் மாறாது. ஆகவே வாக்கிய அமைப்பில் மிச்சமாகும் நேரத்தை எழுத்துப் பயிற்சிக்குச் செலவிடலாம். போல்டர் மாணவர்களைப்போல் நாள் தவறாமல் எழுதிப் பழகுவதே இதற்கு வழி.