இருட்டுச் சந்தையில் இந்திய ரூபாய்

மஸ்கட் போகிறவர்கள் முத்ரா சந்தையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கடலைப் பார்த்த வாசலில் நுழைந்தால் குறுகலான சந்துகள், தலைக்கு மேலே கூரை. வெயில் எட்டிப் பார்க்காத இடம் என்பதால் அரபியில் ‘இருட்டுச் சந்தை’ என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. தோஃபார் மலைப்பக்கத்து சாம்பிராணி, வெள்ளி வேலைப்பாடு செய்த ‘கஞ்சர்’ குத்துவாள், அத்தர், பேரீச்சம்பழம்... சொன்ன விலையை அப்படியே கொடுத்தால் கடைக்காரரே ஏமாந்துபோவார்!

சரி, பேரம் படிந்தது. எந்தக் காசைக் கொடுப்பது? இன்றைக்கு ஓமன் ரியால். 1960-ல் இதே கடை வாசலில் நின்றிருந்தால்? ரூபாய்!

ஆமாம், ஓமன், குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் என்று வளைகுடாக் கரை நெடுக அன்று ரூபாய்தான் ஓடியது. காரணம், வியாபாரம். கட்ச் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக முத்ராவில் கடை போட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து அரிசியும் துணியும் வந்தன. வளைகுடாவிலிருந்து பேரீச்சம்பழமும் முத்தும் போயின.

வில்லங்கம் தங்கத்தில் வந்தது. இந்தியாவில் தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, அதனால் விலை அதிகம். வளைகுடாவில் மலிவு. கடத்தல்காரர்கள் ரூபாயைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனார்கள், தங்கத்தோடு திரும்பினார்கள். அந்த நோட்டுகளோ வளைகுடா வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே வந்து, ‘பவுண்டாக மாற்றிக் கொடு’ என்று நின்றன. ஆக, கடத்தல் தங்கத்துக்கு அரசாங்கமே அந்நியச் செலாவணியில் பில் கட்டிக்கொண்டிருந்தது!

1959-ல் டெல்லி சுதாரித்தது. வளைகுடாவுக்கு மட்டும் தனி ரூபாய் நோட்டு அடித்தார்கள். நிறம் வேறு. வரிசை எண்ணுக்கு முன்னால் ‘இசட்’ எழுத்து. இந்தியக் கடைகளில் அது செல்லாது.

ஆனாலும் உறவு நீடிக்கவில்லை. 1961-ல் குவைத், 1965-ல் பஹ்ரைன் சொந்த நாணயத்துக்கு மாறின. 1966 ஜூன் 6-ம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4.76 ரூபாயாக இருந்த டாலர், ஒரே நாளில் 7.50 ஆனது. டெல்லியில் எடுத்த முடிவுக்கு நம்ம சேமிப்பு ஏன் கரைய வேண்டும்? கத்தாரும் துபாயும் கழன்றுகொண்டன. கடைசி வரை கூட இருந்தது ஓமன் மட்டும்தான். 1970-ல் அதுவும் விடைபெற்றது.

ரூபாய் போய்விட்டது, சரி. முத்ராவில் கடைக்காரர் தரும் சில்லறையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு ரியாலுக்கு 1,000 சில்லறைக் காசு. அதன் பெயர்?

பைசா!