சவர்க் கிணற்றுப் பூனைகள்

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் நான் வளர்ந்த காலத்தில் கிழட்டுப் பூனை என்று ஒன்றைக் கண்டதில்லை. கிழட்டு நாய் இருந்தது, பல்லுப் போன மாடு இருந்தது. பூனை மட்டும் நல்ல வயதிலேயே போய்ச் சேர்ந்துவிடும். நாய் கடித்திருக்கும், பாம்பு தீண்டியிருக்கும், அல்லது நஞ்சு தின்ற எலியை அது தின்றிருக்கும். இத்தனைக்கும் தப்பிய ஒன்றிரண்டு மெலிந்து, மயிர் சிலும்பி, எந்நேரமும் கிணற்றடியிலேயே கிடக்கும். பிறகு ஒரு நாள் வேலிக்கு அப்பால் போய்விடும். "அது சாகப் போட்டுது, தேடாதை" என்பார் அம்மம்மா. அந்தப் பூனைகள் ஏன் கிணற்றடியை விட்டு அசையவில்லை என்பது கனடாவின் ஸ்காபரோவில் என் சொந்தப் பூனைக்குச் சிறுநீரகம் பழுதான பிறகுதான் விளங்கியது. அவற்றுக்குத் தீராத தாகம்.

புங்குடுதீவில் தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அடியில் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கி, உவர் நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். வெயில் காலத்தில் அந்தப் படை வற்ற வற்றக் கிணறு சவர்த்துக்கொண்டே போகும். குளிக்க, பாத்திரம் கழுவச் சவர்த் தண்ணி. குடிக்க நல்ல தண்ணி. நல்ல தண்ணிக் கிணறுகள் சிலதான். அங்கிருந்து குடத்தில் சுமந்து வந்த தண்ணியைக் குசினி மூலையில் மூடி வைப்பார்கள். அதில் பூனை வாய் வைத்தால் அடி விழும். அதன் பங்கு மீன் தலையும், கிணற்றடி வாய்க்காலில் தேங்கிய சவர்த் தண்ணியுந்தான்.

அதைக் கொண்டே அவை சமாளித்தது சும்மா அல்ல. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. இரையின் இரத்தத்திலும் தசையிலும் இருக்கிற நீரே அதற்கு அநேகமாகப் போதும். மிச்சத்தைச் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வூல்ஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 1959இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடம்பு இழந்த நீரைக் கடல்நீர் குடித்தே பூனையால் ஈடுகட்ட முடியும் என்று அது காட்டியது. நாம் கடல்நீரைக் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க, குடித்ததைவிடக் கூடுதலாகத் தண்ணீர் செலவாகும். நாங்கள் குடத்தோடு அலைந்த ஊரில், தண்ணீர்க் கவலை இல்லாத ஒரே சீவன் நோயில்லாத பூனைதான்.

அதைச் செல்லத்துக்காக யாரும் வளர்க்கவில்லை. நெல்லையும் ஒடியலையும் எலியிடமிருந்து காக்க வளர்த்தார்கள். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்த புங்குடுதீவார் பலரும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பூனை வைத்திருந்தார்கள். என் மாமாவின் கடையில் கணக்கப்பிள்ளைக்கு அடுத்த உத்தியோகம் ஒரு கடுவனுக்கு. சம்பளம் தினம் இரண்டு சூடை மீன். வேலை செய்கிறவரைக்கும் சோறு, செய்யாவிட்டால் வேறு பூனை.

1991இல் படையினர் தீவைப் பிடித்தபோது ஊர் அநேகமாக வெறுமையானது. நாங்கள் மாட்டை அவிழ்த்துவிட்டோம், ஆட்டை அவிழ்த்துவிட்டோம். பூனைக்கு அவிழ்க்க ஒன்றும் இருக்கவில்லை.

பூனைக்கு முதுமை வந்த கதை வேறொரு கண்டத்தில், ஒரு பை களிமண்ணிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவர் 1947இல், ஈரம் உறிஞ்சும் களிமண் குறுணியைப் பூனை மலங்கழிக்க விற்கத் தொடங்கினார். அதுவரை மணலும் சாம்பலுந்தான், வீடு நாறும். குறுணி வந்த பிறகு இரவும் பகலும் பூனை வீட்டுக்குள் இருக்க முடிந்தது. வாகனம், நாய், பாம்பு எல்லாம் வாசலோடு நின்றுபோக, பதினைந்து பதினெட்டு வயது சாதாரணமாயிற்று. அப்போதுதான் உள்ளே இருந்த எதிரி வெளிப்பட்டது. பத்து வயது தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குச் சிறுநீரக நோய் என்று மிருக வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

வைத்தியமோ நாயில் தொடங்கியது. கண் தெரியாத மொரிஸ் ஃபிராங்கின் வழிகாட்டி நாய் ‘படி’க்குச் (Buddy) சிறுநீரகம் பழுதானது. 1939இல் மார்க் மொரிஸ் என்ற மிருக வைத்தியர் புரதத்தையும் உப்பையும் குறைத்து அதற்கென ஓர் உணவு தயாரித்தார். ஆரம்பத்தில் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து அனுப்பினாராம். வழியில் உடைந்துபோகவே தகரத்துக்கு மாறினார். 1948இல் ஹில்ஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பூனைக்கு விற்கிற சிறுநீரக உணவுகளும் அந்த வழி வந்தவைதான். பொஸ்பரஸைக் குறைப்பதே இப்போது அவற்றின் முக்கிய வேலை.

நோயை அளக்கும் முறை இன்னும் பிந்தி வந்தது. 1998இல் வியன்னாவில் உருவான ஐரிஸ் என்ற சர்வதேச மிருக வைத்தியர் குழு, பின்னர் இரத்தத்திலுள்ள கிரியேட்டினினை வைத்து நோயை நான்கு படிகளாகப் பிரித்தது. கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு போயிருக்கும். 2015இல் புழக்கத்துக்கு வந்த எஸ்டிஎம்ஏ சோதனை அதற்கு முன்னரே எச்சரிக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு பூனை. நோய்க்காரி சின்னாச்சி, நோயில்லாதவன் கறுவல். சிக்கல் மருந்தில் இல்லை, இரண்டும் ஒரு வீட்டில் இருப்பதில்தான். குறுணித் தட்டில் மூத்திரக் கட்டி பெருத்தபோது யாருடையது என்று தெரியாமல், இரண்டையும் வேறு வேறு அறையில் அடைத்துத்தான் கண்டுபிடித்தேன். சின்னாச்சிக்குக் கறுவலின் சாப்பாட்டில்தான் ஆசை. ஆகவே காலையும் மாலையும் நேரம் வைத்து, கதவை அடைத்துத் தனித்தனியே சாப்பாடு. அரை மணியில் கோப்பையை எடுத்துவிடுவேன். மருந்துச் சாப்பாட்டை அவள் அடியோடு மறுக்கிற நாளில் பழைய சாப்பாட்டையே கொடுப்பேன். நாட்கணக்கில் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரல் கொழுப்பேறிப் பழுதாகிவிடும். எதையாவது தின்பது மேல். தண்ணீர்க் கோப்பைகள் சாப்பாட்டுக்குத் தள்ளி, வீடு முழுவதும்.

வைத்தியர் குறித்த நாட்களில் சேலைன். பையை வெந்நீரில் போட்டுக் குளிர் போக்கி, அவளை மடியில் இருத்தி, பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி, அந்தப் பள்ளத்துக்குள் ஊசி. தோலுக்கடியில் நீர் இறங்கித் தோளோரம் மெத்தென்று வீங்கும். சில மணித்தியாலத்தில் வற்றிவிடும். இவ்வளவையும் கறுவல் அலுமாரிக்கு மேலிருந்து மேற்பார்வை பார்ப்பான்.

பழுதான சிறுநீரகத்தைத் திருப்பித் தருகிற மருந்து இன்னும் இல்லை. தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தோரு மியாசாக்கி, ஏஐஎம் என்ற புரதம் பூனைகளில் சரிவரத் தொழிற்படாததே இந்த நோய்க்குக் காரணம் என்று கருதி மருந்து தேடினார். கொரோனாக் காலத்தில் பணம் முடங்கியது தெரிந்ததும், 2021இல் ஜப்பானியப் பூனைக்காரர்கள் 10 கோடி யென்னுக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். எலி பிடிக்காத பூனைக்குச் சோறில்லை என்றிருந்த மாமா இதைக் கேட்டிருந்தால் கல்லாவைப் பூட்டியிருப்பார்.

ஊருக்குத் திரும்பிப் போய் இறுப்பிட்டி வீட்டில் இருக்கிற தம்பி போன மாதம் போன் எடுத்தான். அவன் பூனைக்குப் பன்னிரண்டு வயது, நாள் முழுக்கத் தண்ணி குடிக்கிறதாம், மெலிகிறதாம். பனடோல் கொடுக்கலாமோ என்று கேட்டான். அது பூனைக்கு நஞ்சு, ஒரு குளிசையே கொல்லும் என்றேன். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கச் சொன்னேன்.

"பூனைக்கு இரத்தம் சோதிக்கிறதோ அக்கா? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அதுக்குப் பன்னிரண்டு வயதாகுமட்டும் நீதானே சோறு போட்டனி? இனி உள்ளதையும் நீதான் பார்க்கவேணும். முதலில் அதுக்கு நல்ல தண்ணி வை."