வில்லுடையான் முன் ஒளித்த துப்பாக்கி: வழிபாட்டிடமும் ஆயுதமும்

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வில்லுடையான்பட்டில் முருகன் வில்லும் அம்பும் ஏந்தி நிற்கிறார். ஊர்ப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பங்குனி உத்திரத்தன்று காவடி எடுத்து வருவோரிடம் இருக்கும் கூர்மையான பொருள் அலகு ஒன்றுதான். அதுவும் சுமந்து வந்தவரின் கன்னத்தையே துளைத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். நம் வழிபாட்டில் ஆயுதத்துக்குப் பஞ்சமில்லை. கருப்பசாமிக்கு அரிவாள், அம்மனுக்குச் சூலம். ஆயுத பூசை வந்தால் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. இவற்றில் எதையும் யாரும் ஒளித்து வைப்பதில்லை.

வழிபட வருபவர் இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கலாமா என்பது அமெரிக்கத் தேவாலயங்களில் சூடாக நடக்கும் விவாதம். நமக்கு எதற்கு அது என்று ஒதுக்கிவிடலாம்தான். உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22,500. ஆனால் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தமிழர் இந்தக் கேள்வியை இரத்தத்தோடு சந்தித்திருக்கிறார்கள். நம் சட்டமும் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விடை சரியானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆயுதம் தீட்டு என்பதால் அன்று. மறைப்பு என்பதே கூட்டு வழிபாட்டின் அடிப்படையைக் குலைக்கிறது என்பதால்.

பொற்கோயில் வளாகம் 1984 சூனிலும் மீண்டும் 1988 மேயிலும் போர்க்களமான பிறகு, மத்திய அரசு 1988-இல் சமய நிறுவனங்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 4-ஆம் பிரிவு ஆயுதத்தையோ ஆயுதம் வைத்திருப்பவரையோ சமய நிறுவனத்துக்குள் விடக்கூடாது என்கிறது. பொறுப்பு நிர்வாகியின் தலையில். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. இதற்கு விலக்கு இரண்டே. ஒன்று, சீக்கியரின் கிர்பான். மற்றது, வழக்காற்றின்படி சடங்கில் பயன்படும் ஆயுதம். துப்பாக்கி உரிமத்தின் நிபந்தனைகளிலும், தனி அனுமதி இன்றித் திருவிழாவுக்கோ சமய ஊர்வலத்துக்கோ ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது நெடுங்காலமாக உண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் வழிபாட்டிடத்தில் கொண்டாட்டமாக வெற்றுத் தோட்டா சுடுவதையும் குற்றமாக்கியது.

அந்த இரண்டு விலக்குகளையும் சற்று உற்றுப் பார்க்கலாம். கிர்பான் பல வேளைகளில் சட்டைக்குள்தான் இருக்கும். ஆனால் அதை அணிந்தவர் யார் என்பதைத் தலைப்பாகை அறிவித்துவிடுகிறது. அவரிடம் அது இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சடங்கு ஆயுதமோ பார்க்கப்படுவதற்கென்றே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே துப்பாக்கி உரிம விலக்குப் பெற்ற குடகர்களும் கைல்போள்து நாளில் துப்பாக்கியை வீட்டில் பரப்பி வைத்து, குழலில் பூச் சொருகி வணங்குகிறார்கள். அந்தப் பூ நம் செங்காந்தள். முருகனுக்கு உகந்தது என்று சங்கப் புலவர்கள் போற்றிய அதே பூ. துப்பாக்கியையே கும்பிடும் மக்களும் அதை வெளிச்சத்தில் வைத்துத்தான் கும்பிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைப்பது முறையாகாது. 2019 டிசம்பர் 29 அன்று டெக்சாசின் ஒயிட் செட்டில்மெண்ட் ஊரில், தேவாலயத்துக்குள் சுட்டவனை அச்சபையின் பாதுகாப்புத் தன்னார்வலர் ஒருவர் ஆறு நொடிக்குள் சுட்டு வீழ்த்தினார். அவர் இல்லாதிருந்தால் சாவு பெருகியிருக்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆறு நொடிக்குள் இருவர் இறந்துவிட்டனர். அந்தத் தன்னார்வலர் துப்பாக்கிப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்டவர். அவரைப் பின்பற்றி வேறு பலரும் துப்பாக்கியை உருவிக்கொண்டு இருக்கைகளுக்கிடையே நடந்ததைக் காணொளியில் பார்க்கலாம். அக்கணத்தில் உள்ளே நுழையும் காவலருக்கு இவர்களில் குற்றவாளி யார் என்று எப்படித் தெரியும்?

கொழும்பு நிகழ்வு இன்னும் தெளிவானது. 2008 புத்தாண்டு நாளில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் நாடாளுமன்ற உறுப்பினர் தி. மகேசுவரன் சுட்டுக் கொல்லப்பட்டார். மெய்க்காவலரிடம் துப்பாக்கி இருந்தது. அவர் திருப்பிச் சுட்டார், கொலையாளி காயத்தோடு பிடிபட்டான். வழக்குக்கு அது உதவியது. மகேசுவரனின் உயிருக்கு உதவவில்லை. சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய பாதுகாப்பு குறைக்கப்பட்டிருந்தது, காவலர் கூடுதலாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று வாதிடலாம். அது அரசு தர வேண்டிய காவலைப் பற்றிய வாதம். பக்தரெல்லாம் துப்பாக்கி கொண்டுவர வேண்டும் என்பதற்கு அது துணை நிற்காது. 2005 கிறித்துமசு நள்ளிரவில் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் சோசப் பரராசசிங்கம் கொல்லப்பட்டபோதும் கொலையாளிகள் வழிபட வந்தவர் போலத்தான் உள்ளே வந்தார்கள். மறைவுத் துப்பாக்கியை அனுமதிக்கும் எந்த விதியும் முதலில் வழிவிடுவது இவர்களுக்கே.

நம் திருவிழாக் கூட்டம் வேறு வகை. அதிர்வேட்டு, பறை, உடுக்கை, அருள் வந்து ஆடுவோர், தோளில் குழந்தை. துப்பாக்கி வெடித்ததா, வாணம் வெடித்ததா என்று பிரித்தறிய ஆளிருக்காது; அறிந்தவர் ஓடத் தொடங்கினால் போதும். 1992 மகாமகத்தில் ஏறத்தாழ ஐம்பது பேரும், 2011-இல் சபரிமலைப் புல்மேட்டில் நூறு பேருக்கு மேலும் நெரிசலில்தான் மாண்டனர். அங்கெல்லாம் ஒரு தோட்டாவும் தேவைப்படவில்லை. கோயிலின் பாதுகாப்புக் கணக்கில் முதல் வரி நெரிசலே.

துப்பாக்கி அருகில் இருப்பதன் விலையை நெய்வேலிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்க வாயிலில் மூண்ட வாக்குவாதத்தில், தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் சுட்டு ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். சுட்டவர் சீருடை அணிந்தவர், பயிற்சி பெற்றவர், துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி நின்றவர். அப்படியிருந்தும் ஒரு வாய்ச்சண்டை சாவில் முடிந்தது. முதல் மரியாதைக்கும், தேர் எந்தத் தெருவில் திரும்புவது என்பதற்கும் கைகலப்பு வரை போகும் நம் ஊர்களில், யார் வேட்டி மடிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையை எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. நெய்வேலி நடராசர் கோயிலில் குறையுள்ளவர் ஆராய்ச்சி மணியை அடித்து, மனு எழுதிப் பெட்டியில் போடுகிறார். வழக்கைச் சன்னிதியில் ஒப்படைப்பவர் தீர்ப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பது முரண்.

அப்படியானால் தாக்குதல் வந்தால் கைகட்டி நிற்பதா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில், பெரிய பையோடு வந்த அந்நியனை ஒருவர் விசாரித்து, உள்ளே விடாமல் தடுத்தார். குண்டு வெளியே வெடித்தது. அவரும் முற்றத்திலிருந்த குழந்தைகள் பலரும் மாண்டனர். உள்ளே நிரம்பியிருந்த கூட்டத்தில் பெரும்பகுதி பிழைத்தது. அவரிடம் துப்பாக்கி இல்லை. இருந்திருந்தாலும் வெடிகுண்டுக்கு எதிரே அது என்ன செய்திருக்கும்? நம் விழாக் குழுக்கள் வாசலில் நிறுத்துகிற ஆட்களும் இதைச் செய்யலாம். சபையை முகம் முகமாக அறிந்தவர்கள் அவர்கள், "எந்த ஊர் நீங்க, பையில என்ன?" என்று கேட்கும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். சட்டைக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை உரிமையாக்கிவிட்டால், வாசலில் நிற்பவர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது.